மாடி அறையின் மாற்றுச் சாவி



உங்கள் வீட்டில் வாசற்கதவுக்குப் பின்புறம் ஓர் ஆணி அடிக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு சாவிக் கொத்து தொங்கும். பீரோவின் சாவி, தண்ணீர் மோட்டார்ப் பெட்டியின் சாவி, எதற்கென்று எவருக்கும் நினைவில்லாத துருப்பிடித்த சாவி ஒன்று. வீட்டின் ஓர் அறையையோ மாடியையோ நீங்கள் வாடகைக்கு விட்டிருந்தால், அந்த அறையின் மாற்றுச் சாவியும் அக்கொத்தில் இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இருந்தது. அந்த ஒரு சாவியினால் எனக்கு நேர்ந்த தலைக்குனிவையும், அதன் பின் நான் அறிந்துகொண்ட செய்திகளையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நான் ஒரு மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். வரலாற்றில் பட்டம் பெற்றிருக்கிறேனே தவிர, சட்டம் படித்தவனல்லன். கடலோர ஊரொன்றில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுத் திருச்சிக்கு வந்து, ஏழாண்டுகள் வாடகை வீட்டில் காலம் தள்ளி, 2016-ஆம் ஆண்டில் கைக்கு அடங்கிய அளவில் ஒரு வீடு கட்டிக் குடியேறினோம். கீழே நாங்கள். மேலே மொட்டை மாடியில் ஓர் அறை, அதையொட்டிக் குளியலறை. "ஓர் அறையைப் போட்டு வை, மதரஸாச் சம்பளத்துக்கு அது துணையாக இருக்கும்" என்று கட்டும்போதே என் வாப்பா சொன்னார்கள். அவ்வாறே ஆயிற்று. அந்த வாடகை எங்கள் மளிகைச் செலவில் ஒரு பாதியைச் சுமந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நம் சமுதாயத்தில் கணவரை இழந்த எத்தனையோ தாய்மார்களுக்கு ஓர் அறையின் வாடகைதான் மாத வருமானம் என்பதை நீங்களும் அறிவீர்கள்.

2021-ஆம் ஆண்டின் கடைசியில் அந்த அறைக்கு ஓர் இளைஞர் வந்தார். இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை; இரவில் அரசுத் தேர்வுக்குப் படிப்பு. மாத வாடகை 3,500 ரூபாய், முன்பணம் 20,000 ரூபாய், மின்சாரத்துக்குத் தனிக் கணக்கு என்று வாய்ப்பேச்சாகப் பேசிக் கொண்டோம். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம் கூட எழுதவில்லை. "ஹஜ்ரத் வீடுதானே, எழுத்து எதற்கு?" என்று அவர் சொன்னது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அமைதியான பிள்ளை. படியேறும் ஓசை கூடக் கேட்காது.

மறு ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல் திடீரென்று மழை பிடித்துக் கொண்டது. அவர் கடைக்குப் போயிருந்தார். மாடி அறையின் ஜன்னல் படபடவென்று அடித்துக் கொண்டிருந்தது. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொண்டு மேலே சென்றேன். கதவைத் திறந்தேன். ஜன்னலை மூடினேன். அத்துடன் இறங்கி வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

நான் இறங்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு மின்அடுப்பு இருந்தது. மின்கட்டணம் நினைவுக்கு வந்து முகம் சுளித்தேன். மேசை மீது ஒரு நோட்டு திறந்து கிடந்தது. மழைச்சாரல் பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அதை எடுத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். அது கணக்கு நோட்டு. வாடகை இவ்வளவு, ஊரில் உம்மாவுக்கு அனுப்பியது இவ்வளவு, இன்னாரிடம் கைமாற்றாக வாங்கியது இவ்வளவு, வட்டிக் கடைக்குக் கட்ட வேண்டியது இவ்வளவு. இரண்டு பக்கங்களைப் படித்தேன்.

மறுநாள் இஷாத் தொழுகை முடிந்து வரும் வழியில் அவரைப் பார்த்தேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன்: "தம்பி, வட்டிக் கடன் மட்டும் வேண்டாம். சிரமமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். ஜமாஅத்தில் பேசிப் பார்க்கலாம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சற்று நேரம் கழித்து, "ஹஜ்ரத், என் நோட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"ஜன்னலை மூடப் போனேன். நம் வீடுதானே தம்பி" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மாத முடிவில் வேறு இடம் பார்த்துக் கொண்டதாகச் சொல்லி 2023 ஜனவரியில் காலி செய்தார். முன்பணத்தை உடனே கொடுக்க என் கையில் பணமில்லை. அது வீட்டுச் செலவில் எப்போதோ கரைந்து போயிருந்தது. இரண்டரை மாதம் கழித்து 15,500 ரூபாய் கொடுத்தேன். வெள்ளையடிக்க 3,500, பாக்கி மின்கட்டணம் 640, சுவிட்சும் குழாயும் மாற்றியதற்கு 360 என்று கழித்துக் கொண்டேன். கணக்கைக் காகிதத்தில் எழுதியே கொடுத்தேன். நேர்மையாக நடந்து கொண்டதாகவே அன்று நினைத்தேன்.

அதன் பின் சில வாரங்களில் மதரஸாவில் மூத்த மாணவர்களுக்குக் 'கிதாபுல் இஜாரா' பாடம் வந்தது. வாடகை, கூலி ஆகியவற்றைப் பற்றிய பகுதி அது. ஷாஃபி மத்ஹபின் மாணவர்கள் ஓதும் 'மின்ஹாஜுத் தாலிபீன்' எனும் நூலை இயற்றிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கி.பி. 1277-இல் மறைந்தவர்கள், சிரியா நாட்டினர். வீட்டை வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவரிடம் சாவியை ஒப்படைப்பது கடமை என்று அந்நூல் சொல்கிறது. வீட்டைப் பழுது பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. அவர் விரைந்து செய்தால் நன்று, இல்லையேல் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக் கொள்ளலாம். கூரையின் மீது விழுந்த உறைபனியை அகற்றுவது உரிமையாளர் மீது. முற்றத்தில் கிடக்கும் பனியையும் குப்பையையும் பெருக்குவது குடியிருப்பவர் மீது.

பனி என்றதும் மாணவர்கள் சிரிப்பது ஆண்டுதோறும் வழக்கம். திருச்சி வெயிலில் உட்கார்ந்து கொண்டு கூரைப் பனியை யார் அள்ளுவது என்று ஓதினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? டமாஸ்கஸில் பனி பெய்யும் என்பதைச் சொல்லி, பனிக்குப் பதிலாக மழைநீர்க் குழாய் அடைப்பை வைத்துப் பாருங்கள் என்று விளக்குவது என் வழக்கம். அன்றும் விளக்கினேன். அப்போது ஒரு மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், சாவியை ஒப்படைப்பது கடமை என்றால், உரிமையாளர் இன்னொரு சாவி வைத்துக் கொள்ளலாமா?"

இப்பாடத்தைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இக்கேள்வி எனக்குத் தோன்றியதேயில்லை. வாடகை என்பது என்ன என்று நானே அம்மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: பொருள் உடையவனிடமே இருக்கும், அதன் பயன் மட்டும், குறித்த காலத்துக்கு, குறித்த தொகைக்கு மற்றவனுக்குச் சொந்தமாகிவிடும். விற்ற பொருளை விற்றவன் எடுத்துப் புழங்க முடியாதது போல, விற்ற பயனையும் புழங்க முடியாது. அப்படியானால் அந்த அறையில் குடியிருக்கும் உரிமை என்னிடம் இல்லை. பிறர் வீட்டில் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையலாகாது என்று 'அந்நூர்' அத்தியாயம் விதிக்கிறதே, அந்தப் 'பிறர் வீடு' என் மொட்டை மாடியிலேயே இருந்திருக்கிறது. பிறருடைய மறைவான செய்திகளைத் துருவிப் பார்ப்பதைத் தடுத்த வசனம் இடம்பெற்ற அத்தியாயத்தின் பெயரோ 'அல்ஹுஜுராத்'. அச்சொல்லுக்குப் பொருள் 'அறைகள்'.

மாணவருக்கு நாளை விடை சொல்கிறேன் என்று பாடத்தை முடித்துக் கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்து கொண்டே கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பழைய வீடு நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். நாங்கள் ஏழாண்டுகள் குடியிருந்த வீடு. மாடிக்குச் செல்லும் படி எங்கள் கூடத்தின் வழியாகவே போகும். மேலே குடியிருந்த உரிமையாளர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க, துணி எடுக்க, தேங்காய் காயப்போட என்று எந்த நேரமும் கூடத்தைக் கடந்து செல்வார். கெட்டவர் அல்லர், பெருநாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தவர். ஆனால் கதவைத் தட்டும் வழக்கம் மட்டும் இல்லை. "அந்த ஏழு வருஷமும் அடுப்படியில் கூட நான் தலையில் முக்காட்டோடுதான் நின்றேன். உங்களிடம் இரண்டு முறை சொன்னேன். 'வாடகை வீடு, நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும்' என்றீர்கள்" என்றார்.

எனக்கு அவர் சொன்னதாக நினைவே இல்லை. அவருக்கு இருந்தது.

என் மைத்துனர் ஒருவர் வழக்குரைஞர். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சொன்னவற்றை, என்னைப் போல அறியாமல் இருப்போருக்காக இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு முதல் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பாரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், அதனை மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் வாடகை அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவெண் பெற வேண்டும் என்பதும் அதன் முதல் விதி. "பதினொரு மாதத்துக்கு எழுதிக் கொண்டால் எங்கும் பதிய வேண்டியதில்லை" என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது பத்திரப் பதிவைப் பற்றிய பழைய பேச்சு. அதை வைத்துக் கொண்டு இந்தச் சட்டத்தைக் கடந்துவிட முடியாது. பதிவு செய்யப்பட்ட வக்ஃபுகளின் கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. வக்ஃபு வீடுகளில் குடியிருப்போரின் கதை தனிக் கதை. அதை இன்னொரு முறை பேச வேண்டும்.

"அதிருக்கட்டும், என் விஷயத்துக்கு வாருங்கள் மச்சான்" என்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றும் என் மீதே வந்து விழுந்தது.

வேறாகப் பேசி எழுதிக் கொண்டிருந்தாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. என் கணக்கில் அது 10,500 ரூபாய். நான் வாங்கியது 20,000. எழுதிக் கொண்டதோ ஒன்றுமில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக் கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். நான் இரண்டரை மாதம் இழுத்தேன். முன்பணம் நம் கையில் இருக்கும் அடுத்தவர் பணம். அதை மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவிட்டுப் பிறகு அடுத்த வாடகைக்காரர் வரட்டும், அவர் முன்பணத்தில் இவருக்குக் கொடுப்போம் என்று இருப்பது நம்மில் பெரும்பாலோரின் பழக்கம். அமானிதம் என்ற சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் எனக்கும் அதுவே பழக்கமாக இருந்தது.

வாடகையை வாங்கியதும் கையொப்பமிட்டு ரசீது தர வேண்டும். நான் ஒரு மாதம் கூடத் தந்ததில்லை.

உரிமையாளர் அறைக்குள் வர வேண்டுமானால், பழுது பார்க்கவோ பார்வையிடவோ வேண்டிய காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "மழை கொட்டும்போது எழுதிக் கொடுத்துக் கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டேன். மைத்துனர் சிரித்தார். "ஜன்னலை மூடியதற்கு உங்கள் மீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள் மச்சான். ஒரு போன் செய்து சொல்லிவிட்டு மூடியிருந்தால் அந்தப் பிள்ளையே நன்றி சொல்லியிருப்பான். நோட்டைப் படித்ததற்கு என்ன சொல்வீர்கள்?" என்றார்.

பிறகு அவர் அச்சட்டத்தின் பின்னிணைப்பாக உள்ள அட்டவணையைக் காட்டினார். இரு தரப்பாரும் வேறு விதமாகப் பேசிக் கொள்ளாவிட்டால், எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள். குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதம் நீங்கலாகக் கட்டடத்தின் பழுதுகள், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலைகள் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய்த் திருகும் வாஷரும், சுவிட்சு, சாக்கெட்டு, கழிவுநீர் வழியைச் சுத்தம் செய்தல், கதவு அலமாரிகளின் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவருக்கு. கூரைப் பனி உரிமையாளருக்கு, முற்றத்துக் குப்பை குடியிருப்பவருக்கு என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்ததும் ஏறக்குறைய இதே கோடுதான் என்பதை எண்ணி வியந்து கொண்டிருந்தேன். அப்போதுதான் உரிமையாளர் பட்டியலின் அடுத்த வரி கண்ணில் பட்டது: சுவர்களுக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது.

வெள்ளையடிப்பு என்னுடையது! நான் கழித்துக் கொண்ட 3,500 ரூபாய் எனக்கு உரியதன்று. சுவிட்சும் குழாயும் மட்டும் கணக்கில் நின்றன.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் வீட்டுக்கு இணைப்பு ஒன்றுதான். மாடி அறைக்குத் தனி அளவி பொருத்தி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலித்து வந்தேன். சுற்றுப்பட்டில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். நான் ஒன்று குறைவாகவே வாங்குகிறேன் என்பது என் எண்ணம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசு அப்போது இலவசமாகத் தந்தது. அந்த இலவசத்தை நான் அனுபவித்துக் கொண்டு, மேலே இருப்பவரிடம் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வாங்கியிருக்கிறேன். பழைய ரசீதுகளை எடுத்து, நான் கட்டிய மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அவருடைய பங்கைக் கணக்கிட்டேன். அவர் இருந்த 14 மாதத்தில் 1,180 ரூபாய் அதிகமாக வாங்கியிருந்தது தெரிந்தது. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்தி வைப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. மோட்டார்ச் சுவிட்சை அணைத்து வைத்து ஆளைக் காலி செய்ய வைக்கும் வித்தை செல்லாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனடியாகத் திருப்பித் தரும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அல்ஹம்து லில்லாஹ், அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை. விலையை ஏற்றி வாங்குவதைப் பாவக் கணக்கிலேயே நான் சேர்த்ததில்லை என்பதுதான் உண்மை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் உங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. தனி வீட்டை வாடகைக்கு விடுவதும், நாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை விடுவதும் ஒன்றா? மைத்துனர் இதற்கு நெடிய விளக்கம் தந்தார். சுருக்கிச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பிறரை விலக்கித் தனியே அனுபவிக்கும் உரிமையைக் கொடுத்தால் அது வாடகைக் குத்தகை. அவ்விடத்தில் இருந்து கொள்ள இசைவு மட்டும் கொடுத்தால் அது உரிமம். இவ்விரண்டையும் 1882-ஆம் ஆண்டின் இரு வேறு சட்டங்கள் வரையறுக்கின்றன. உணவும் கொடுத்து, அறையைப் பெருக்கித் துடைத்து, நினைத்தபோது வீட்டார் வந்து போகும்படி வைத்துக் கொள்ளும் விருந்தினர் முறை பெரும்பாலும் உரிமத்தில் அடங்கும். அவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் குறைவு. ஆயினும் இசைவை விலக்கிக் கொண்டால், வெளியேறுவதற்கும் உடைமைகளை எடுத்துக் கொள்வதற்கும் நியாயமான அவகாசம் தர வேண்டும். இரவோடிரவாகப் பெட்டியை வாசலில் வைக்க முடியாது.

எது எந்த வகை என்பதைக் காகிதத்தின் தலைப்பு தீர்மானிப்பதில்லை. டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலின் இரண்டு அறைகளில் முடிதிருத்தகம் நடத்தியவர் தொடர்பான வழக்கில், பத்திரத்தில் 'உரிமம்' என்றே எழுதியிருந்தும், அவ்வறைகள் அவர் வசமே இருந்தன என்பதைக் கண்டு அது குத்தகையே என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் மாடி அறைக்குத் தனிப் படி, தனிப் பூட்டு, தனிக் குளியலறை. சமைத்துப் போட்டதில்லை, பெருக்கிக் கொடுத்ததில்லை. "நீங்கள் 'பேயிங் கெஸ்ட்' என்று பலகை எழுதி மாட்டினாலும் அந்தப் பிள்ளை வாடகைக்காரர்தான்" என்று முடித்தார்.

உரிமையாளர்களின் அச்சத்தையும் நான் அறியாதவனல்லன். வாடகையும் தராமல், காலியும் செய்யாமல், ஒரு வீட்டையே விழுங்கிவிட்ட வாடகைக்காரரால் நொந்து போன பெரியவர் ஒருவர் எங்கள் ஜமாஅத்திலேயே இருந்தார். வழக்கு முடியும் முன்னே அவர் முடிந்து போனார். புதிய சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகையை நிறுத்தி, கேட்பு அறிவிப்புக் கொடுத்த பின்னும் ஒரு மாதத்துக்குள் கட்டாதவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாதவர் இரு மடங்கு வாடகை தர வேண்டியிருக்கும். உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதும் கூடாது. ஆனால் வாசகர்களே, இந்தப் பாதுகாப்பை நாடுவோர் கையில் முதலில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். என்னிடம் கேள்வி கேட்க அந்தப் பிள்ளையின் கையில் ஒரு காகிதம் இல்லாமல் செய்திருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது தோன்றுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படி மார்க்கம் சொல்லியிருக்க, 'நமக்குள் எழுத்தா?' என்று கேட்பதை நாம் எங்கிருந்து கற்றோம் என்று தெரியவில்லை.

4,680 ரூபாயை ஓர் உறையில் போட்டுக் கொண்டு அந்த இளைஞரைத் தேடிச் சென்றேன். பாலக்கரைப் பக்கம் மூன்று பேர் தங்கிய அறையொன்றில் இருந்தார். இம்முறை கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, அவர் வந்து திறக்கும் வரை படியிலேயே நின்றேன். உள்ளே அழைத்தார். "வேண்டாம் தம்பி, இங்கேயே சொல்லிவிடுகிறேன்" என்று நோட்டைப் படித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கணக்கை விளக்கி உறையைக் கொடுத்தேன்.

அவர் பணத்தை எண்ணவில்லை. வெகு நேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர் அதிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "அலமாரியின் கீழ்த்தட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருக்கும், ஹஜ்ரத். அது நான் செய்தது. அதன் மேல் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை" என்றார்.

உண்மையில் நான் பார்க்கவில்லை. அறை முழுவதையும் துருவிப் பார்த்த எனக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை. அந்தப் பணத்தை வாங்கிக் கொண்டேன்; சேதம் அவருடையது என்று அவரே சொல்லும்போது மறுப்பது முறையன்று. வட்டிக் கடையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நோட்டை மன்னித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது மாடி அறையில் ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியர் இருக்கிறார். ஒப்பந்தம் எழுதிப் பதிவெண் பெற்றாகிவிட்டது. முன்பணம் மூன்று மாத வாடகை. அது தனிக் கணக்கில் கிடக்கிறது. மின்கட்டண ரசீது ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் ஒட்டப்படுகிறது. இருவரும் வகுத்துக் கொள்கிறோம். என் மனைவி தம் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்: துணி காயப்போட மாடிக்குச் செல்லும் முன் படியடியில் நின்று குரல் கொடுக்க வேண்டும், எங்கள் பிள்ளைகள் உட்பட. அந்நூர் அத்தியாயத்தில் சிறுவர்களும் அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்கள் சொல்லப்பட்டிருப்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல அது வசதியாகப் போயிற்று.

இரண்டு சாவிகளையும் ஆசிரியரிடமே கொடுத்துவிட்டேன். இதனால் ஒரு வம்பும் வந்தது. சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவர் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக் கொண்டு வெளியே நின்றார். மாற்றுச் சாவி கீழே ஆணியில் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. பூட்டுக்காரரை அழைத்து வந்து, பூட்டை உடைத்து, புதிது மாட்ட 900 ரூபாய் ஆயிற்று. பூட்டு மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை சொல்கிறது. ஆசிரியரும் அதையே சொல்லிப் பணத்தை எடுத்தார். ஆனால் மின்ஹாஜின் விரிவுரைகளில், சாவி குடியிருப்பவர் கையில் ஓர் அமானிதமே, அவர் கவனக்குறைவின்றித் தொலைந்தால் புதிது செய்து தர வேண்டியவர் உரிமையாளரே என்று இருக்கிறது. இது கவனக்குறைவா இல்லையா என்று நானும் அவரும் அந்தக் குளிரில் படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் விவாதித்தோம். முடிவு எட்டவில்லை. ஆளுக்கு 450 கொடுத்துவிட்டு உறங்கப் போனோம்.